என் பெயரில் நீ எழுதிய கடிதம்

மெக்சிகோ நகரம்
15 பிப்ரவரி 1993, திங்கள்

ரெய்னோ,

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். மூன்று பேருக்கும் கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, தடவிப் பார்த்துவிட்டேன். இதை நானே தட்டச்சு செய்கிறேன். விடுதியின் வரவேற்பு மேசையில் எவரிஸ்தோ என்று ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தத் தாளை அவர் ஃபேக்ஸ் இயந்திரத்தில் விட்டால் உன் இரும்புக்கடையில் இருக்கும் இயந்திரம் அதைத் துப்பிவிடும். இடையில் பிரித்துப் பார்க்க யாரும் இல்லை.

டாக்சிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க நாம் கத்தியதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பார்வை போன ஐந்து வருடமாக எனக்கு வரும் தபாலை அண்ணன் நீதான் பிரித்துப் படித்துக் காட்டுகிறாய். ஜனவரியில் வின்னிபெக் நீதிமன்ற அலுவலகத்திலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. விசாரணை ஒலிநாடாவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. காது இருந்தால் போதும், கண் வேண்டாம். நீ பிரித்தாய், படித்தாய், "தூண்டில் விற்கிற விளம்பரம், குப்பை" என்றாய். பிறகு என் பெயரில் பதில் எழுதி, என் கையெழுத்தையும் நீயே போட்டு அனுப்பினாய். "நான் தனியாக வாழ இயலாதவள்." அதுதான் நீ எழுதிய சொல். இயலாதவள்.

போன வியாழக்கிழமை அந்த அலுவலகத்தின் திருமதி பாவ்லுக் தொலைபேசியில் கூப்பிடாமல் இருந்திருந்தால் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. இன்னொரு இடம் காலியாம். "உங்க கடிதத்தைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கலைம்மா. நல்லா யோசிச்சு பத்தொம்பதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? அந்தச் சொல் உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் பயந்தேன். அந்த ஒரு கணத்துக்காகத்தான் உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

ஆகவே இந்த ஒரு வாரத்தில் அது உண்மையா என்று பார்க்கப்போகிறேன். நாளுக்கு ஒரு பேட்டை. வழிகாட்டி கிடையாது. டொராண்டோ பயிற்சிப் பள்ளியில் என்னோடு கைத்தடி பழகிய இரண்டு பேர்தான் துணை. ஒடெட்டுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, ஆனால் ஒலிநாடா கேட்டு ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவள். கிளைவுக்குச் சாவித்துவாரம் அளவு பார்வை மிச்சம் இருக்கிறது. அதற்குள் ஒரு சமயத்தில் ஒரு முகமோ, அரை லாரியோதான் அடங்கும்.

இன்று விடுதியைச் சுற்றியுள்ள பழைய நகரம். ஒரு தெரு முழுக்கக் கல்யாண உடுப்புக் கடைகள், அங்கே துணியின் கஞ்சி வாசனை. அடுத்த தெருவில் பூட்டும் குழாயும். உனக்குப் பிடித்திருக்கும். இரண்டு முறை வழி தவறினோம், இரண்டு முறையும் சாப்பாட்டுக் கடையில் போய் முட்டினோம்.

ஐலி


தண்டர் பே
16 பிப்ரவரி, செவ்வாய்

ஐலி,

நான் எழுதுவதை அந்தக் கிளைவ்தான் உனக்குப் படித்துக் காட்டுவான் என்று தெரியும். கிளைவ், இது குடும்ப விஷயம். படி, ஆனால் கருத்துச் சொல்லாதே.

கடிதம் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஜனவரியில், சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியலறைக்கு, விறகு எடுக்கிறேன் என்று கிளம்பினாயே, நினைவிருக்கிறதா? வீட்டிலிருந்து சவுனாவுக்கு முப்பது அடி. பனிக்காற்றில் திசை தப்பி நாற்பது நிமிடம் வயலில் சுற்றினாய். உன்னைக் கண்டுபிடித்தபோது நீ வீட்டுக்கு முதுகைக் காட்டி ஏரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாய். இரண்டு கால்விரலை வெட்டி எடுத்தார்கள். மருத்துவமனையில் அந்த விரல்களை என்ன செய்வது என்று என்னிடம்தான் கேட்டார்கள். அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

முப்பது அடி, ஐலி. அதுவும் நீ பிறந்து வளர்ந்த வீடு. இப்போது நீ போயிருக்கும் ஊரில் எத்தனை கோடிப் பேர்? வின்னிபெக்கில் உன்னைத் தேடிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்?

நீ டாக்சியில் ஏறிப் போனதை எதிர்வீட்டு ஹில்மா பார்த்துவிட்டு, "கண்ணு தெரியாத பொண்ண இப்படியா விடுவ, ரெய்னோ?" என்று கடைக்கே வந்து கேட்டாள். ஆணி வாங்க வந்தவர்கள் முன்னால். நான் என்ன பதில் சொல்வது?

திரும்பி வா. பேசிக்கொள்ளலாம்.

ரெய்னோ


மெக்சிகோ நகரம்
17 பிப்ரவரி, புதன்

ரெய்னோ,

உன் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று கிளைவ் சொல்லச் சொன்னான். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினான். "விரல்" என்ற சொல்லில் நிறுத்திவிட்டு, "பொண்ணே, இதுக்கு மேல படிக்கணுமா?" என்றான். படி என்றேன். இனிமேல் பெரிய எழுத்தில் எழுது.

அந்த விரல்களைப் பற்றி உன்னிடம் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைத் தனியாகச் சுமந்திருக்க வேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுது. பனியில் திசை பிடிக்க எனக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா? நீ வீட்டிலிருந்து சவுனாவுக்குக் கயிறு கட்டினாய். பிறகு கடைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போனாய். டொராண்டோ பள்ளிக்கு நான் போக மூன்று வருடம் சண்டை போட வேண்டியிருந்தது. நான் விழுந்தது ஒரு முறை. நீ அதையே எனக்கு முகவரி ஆக்கிவிட்டாய்.

நேற்றைய கதை. சுரங்க ரயிலில் நெரிசல். கூட்டத்துக்குள் ஒருவர் பாடிக்கொண்டே வந்தார், அவர் கைத்தடியும் ஒடெட்டின் கைத்தடியும் வாளும் வாளும் போல மோதிக்கொண்டன.

"பாத்து வரக் கூடாதா?" என்றார் அவர்.

"பாத்தா வந்துட்டிருக்கேன்?" என்றாள் ஒடெட்.

அவர் தடியால் அவள் தடியை மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், பெட்டி முழுக்க அதிர்ந்தது. பெயர் ஃபிதென்சியோ. அந்த ரயில் தடத்தில் பதினாறு வருடமாகப் பாடுகிறார். மனைவி, நான்கு பிள்ளைகள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல. நாங்க மூணு பேருதான்."

"அப்பாடா! கூட ஆள் வந்தா அவங்க பாக்குறதத்தான் நாம கேக்கணும். எறங்குங்க, லா மெர்செத் சந்தைய நான் காட்டுறேன்."

காட்டினார், ரெய்னோ. ரயில் நிலையத்துப் படியேறினால் நேரே சந்தைக்குள்தான் இருக்கிறோம். மிளகாய்க் கூடத்தில் எல்லோரும் தும்மினோம். கள்ளிமடலில் முள் சீவும் பெண்களின் கத்திச் சத்தத்தை வைத்து இடப்பக்கம் திரும்பினோம். ஃபிதென்சியோ என் தோளைத் தொடவேயில்லை. "எங்க போறோம்னு கேக்காத, எதைத் தாண்டினோம்னு ஞாபகம் வச்சுக்க. திரும்பி வர அது போதும்" என்றார். திரும்பும்போது நான்தான் முன்னால் நடந்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இப்போது இன்றைய கதை. இதை மறைத்திருக்கலாம். மறைப்பது நம் வீட்டில் உன் வேலை, என் வேலை இல்லை.

சான்டா மரியா லா ரிபெரா என்ற பேட்டையில் நடைபாதையில் மூடியில்லாத ஒரு குழி. கிளைவ் அதை ஒட்டிக் கடந்து போய்விட்டான். என் தடி அதன் இரண்டு பக்கமும் தட்டியது, நடுவில் தட்டவில்லை. தொடைவரை உள்ளே போனேன், முகவாய் கல்லில் இடித்துப் பிளந்தது. ஐந்து தையல். கூட்டம் கூடிவிட்டது. "பாவம், பார்வை இல்லாதவங்கள யாரு இப்படித் தெருவுல விட்டது?" என்று ஒரு பெண் அழாத குறை. ஒடெட் அதை எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே, சோள ரொட்டிக் கடையிலிருந்து ஒரு ஆள் கத்தினார்: "போன மாசம் தபால்காரரும் இதே குழியிலதான் விழுந்தாரு. அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு! அவர யாரு வெளிய விட்டதாம்?"

ரத்தம் வழிய வழியச் சிரித்தேன். தையல் போட்டவுடன் விடுதிக்குத் திரும்பவில்லை. அந்தப் பேட்டையின் பூங்காவில் ஒரு பழைய இரும்பு மண்டபம் உண்டு, அதன் தூண்கள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்த பிறகுதான் வந்தோம். கிளைவ் மட்டும் வழியெல்லாம் அழுதான். "நான் பாத்திருக்கணும்" என்று. அதைக் கேட்டபோது உன் ஞாபகம் வந்தது.

ஐலி


தண்டர் பே
18 பிப்ரவரி, வியாழன் காலை

ஐலி,

போதும்.

பெரிய எழுத்தில்தான் எழுதுகிறேன். நாளை மறுநாள் சனிக்கிழமை விமானத்தில் நான் வருகிறேன். கடையை மூடிவிட்டு வருகிறேன். டொராண்டோ வழியாக மாலை நான்கு மணிக்கு அங்கே இருப்பேன். விடுதியை விட்டு நகராதே. தையலில் தண்ணீர் படவிடாதே.

நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழி இன்னும் நான்கு அடி ஆழமாக இருந்திருந்தால் இந்த இயந்திரத்தில் எனக்கு எவரிஸ்தோவின் கடிதம் வந்திருக்கும்.

ரெய்னோ


மெக்சிகோ நகரம்
18 பிப்ரவரி, வியாழன் மதியம்

ரெய்னோ,

வராதே.

வந்தால் விடுதியில் நான் இருக்கமாட்டேன். சனிக்கிழமை எந்தப் பேட்டை என்பதை எவரிஸ்தோவிடமும் சொல்லமாட்டேன். நீ சொன்னாயே, எத்தனை கோடிப் பேர் என்று. தேடிக்கொள். கண் இருக்கிற உனக்கு அது எவ்வளவு சுலபம் என்று பார்ப்போம்.

கோபத்தில் எழுதவில்லை. காலையில் கொயோவகானில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்த பிறகு எழுதுகிறேன். நீ வந்து என் கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்டால், உன் கடிதத்தில் இருந்த சொல் உண்மையாகிவிடும். இத்தனை நாள் அது வெறும் பொய்தான். பொய்யை நான் தாங்கிக்கொள்வேன்.

நாளை வின்னிபெக்கை அழைக்கிறேன்.

ஐலி


மெக்சிகோ நகரம்
19 பிப்ரவரி, வெள்ளி

ரெய்னோ,

நீ கிளம்பியிருக்கிறாயா இல்லையா என்று தெரியாது. இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன், ஒடெட்டும் கிளைவும் பக்கத்திலேயே இருந்து கேட்டுவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு விடுதித் தொலைபேசியில் திருமதி பாவ்லுக்கைப் பிடித்தேன். வேலைக்கு வருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"ஐலிம்மா, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா உங்க கோப்புல உங்க கடிதம் இருக்கே. இயலாதவள்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மேலதிகாரி அதப் பாத்துட்டு, வேற ஆளப் பாருங்கன்னுட்டார்."

"அத எழுதினது நான் இல்ல."

"பின்ன யாரு?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நீதிமன்ற அலுவலகத்துக்குக் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் என்று உன்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. உன் குற்றத்தைக் காட்டி அந்த வேலையை வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்கிற வேலையைக் காட்டி வாங்க வேண்டும்.

"யாரு எழுதினா என்னம்மா? நான் இப்போ மெக்சிகோல ஒரு விடுதியில இருந்து பேசுறேன். முகவாயில அஞ்சு தையல். பக்கத்துல தட்டச்சு இயந்திரம் இருக்கு. உங்க ஒலிநாடா ஒண்ண எடுத்து ஃபோன்கிட்ட ஓடவிடுங்க. அடிச்சு, இப்பவே ஃபேக்ஸ்ல அனுப்புறேன். அதுக்கப்புறம் சொல்லுங்க, நான் யாருன்னு."

"எங்கிட்ட இப்படி யாரும் கேட்டதில்ல" என்றார். பழைய பயிற்சி நாடா ஒன்றைத் தேடி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒருவன் இசைப்பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றி வாசிக்க ஆரம்பித்தான். எவரிஸ்தோ வெளியே ஓடினார். அறுபது வயது மனுஷர். "ஏய், உள்ள விசாரணை நடக்குதுடா, நிறுத்து!" என்று அவர் கத்தியதை ஒடெட் பிறகு சொன்னாள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றாளாம். ஒடெட் தொலைபேசியை என் காதில் அழுத்திப் பிடித்தாள். நான்கு நிமிட நாடா. வேலிச் சண்டை வழக்கு, இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள், சாட்சி இருமிக்கொண்டே இருந்தார். என் விரல்கள் அடித்துக்கொண்டே போயின, ரெய்னோ. எங்கும் நிற்கவில்லை.

அனுப்பினோம். பத்து நிமிடம் என்றார், இருபத்தைந்து ஆயிற்று. கிளைவ் பிரார்த்தனை செய்தான். ஒடெட் திட்டினாள், யாரை என்று தெரியவில்லை.

தொலைபேசி அடித்தது.

"ரெண்டு பிழை" என்றார் திருமதி பாவ்லுக். "எங்க ஆளுங்க சாதாரணமா ஏழெட்டு விடுவாங்க. மேலதிகாரி தாள வச்சுக்கிட்டு என் எதிர்லதான் உக்காந்திருக்கார். மார்ச் ஒண்ணாந்தேதி காலைல எட்டரைக்கு வந்துடுங்க. தாமதமா வந்தா எனக்குப் பிடிக்காது."

எவரிஸ்தோ என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். தையல் வலித்தது. வலிக்கட்டும்.

நான் தண்டர் பேக்கு வரவில்லை. திங்கட்கிழமை இங்கிருந்து நேரே வின்னிபெக் போகிறேன். ஒடெட்டின் சித்தி வீட்டில் ஒரு அறை இருக்கிறது. என் குளிர்காலத் துணிகளை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பு.

ஐலி


தண்டர் பே
20 பிப்ரவரி, சனி

ஐலி,

நான் கிளம்பவில்லை. வியாழன் மதியம் உன் தாள் வந்ததும் பயணச்சீட்டை ரத்து செய்தேன். தேடிக்கொள் என்றாயே. கடை மேசையில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்குமுன், வின்னிபெக்குக்கு ஒரு கடிதம் எழுதி ஃபேக்ஸில் அனுப்பினேன். உன்னுடையது எனக்கு வந்தது சாயங்காலம். ஆகவே நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது தெரியாமல்தான் எழுதினேன். எழுதியது இவ்வளவுதான்: "ஐலியின் பெயரில் வந்த ஜனவரி கடிதத்தை எழுதியவன் அவள் அண்ணனான நான். கையெழுத்தும் என்னுடையது. அவளுக்குத் தெரியாது. அதில் இருப்பது பொய். தண்டனை ஏதாவது உண்டென்றால் எனக்குக் கொடுங்கள், ரெய்னோ கொஸ்கேலா."

மதியம் திருமதி பாவ்லுக் கடைக்கே ஃபோன் செய்தார். "இது நீதிமன்றம்னு தெரிஞ்சுதானே கள்ளக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "உங்க கடிதம் காலைல இருந்து வேற பிரிவோட ஃபேக்ஸ் தட்டுலயே கிடந்திருக்கு. இப்பதான் எடுத்தேன். அதுக்குள்ள உங்க தங்கச்சி வேலைய வாங்கிட்டா. உங்க உதவி அவளுக்குத் தேவைப்படல" என்றார். பிறகு, "உங்களப் பத்தி அவ ஒரு வார்த்தை சொல்லல. நான் துருவிக் கேட்டும் சொல்லல" என்றார். நான் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன். கேட்கிறேன். கிளைவ், இதைச் சத்தமாகப் படி.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பார்வை போன நாளிலிருந்து எனக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் எழுந்தால் அதற்காக எழுவேன். உனக்கு அது வேண்டாம் என்று தெரிந்தபோது, உன்னைவிட நான்தான் பயந்தேன். அந்தச் சொல்லை எழுதும்போது யாரை நினைத்து எழுதினேனோ, இப்போது சந்தேகமாக இருக்கிறது.

துணிகளைத் தபாலில் அனுப்பமாட்டேன். வண்டியில் எட்டு மணி நேரம்தான். திங்கட்கிழமை நானே கொண்டுவந்து வின்னிபெக் விமான நிலையத்தில் கொடுக்கட்டுமா? வேண்டாம் என்றால் சொல். பெட்டியைத் திருமதி பாவ்லுக்கிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன், அவருக்கு என்னைப் பிடிக்காவிட்டாலும்.

ரெய்னோ


மெக்சிகோ நகரம்
21 பிப்ரவரி, ஞாயிறு

ரெய்னோ,

கிளைவ் சத்தமாகத்தான் படித்தான். பிறகு இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். கருத்து எதுவும் சொல்லவில்லை, மூக்கை மட்டும் சிந்தினான். "உங்க அண்ணன் கெட்டவன் இல்ல. முட்டாள். அதுக்கு மருந்து இருக்கு" என்றாள் ஒடெட். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இன்று எழுதமாட்டேன். ஐந்து வருடப் பூட்டு ஒரு தாளில் திறக்காது. ஆனால் நீ அந்தக் கடிதத்தை எழுதிய நேரத்தைக் குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்குமுன். நான் ஜெயிப்பேனா தோற்பேனா என்று தெரியாதபோது. அதை மறக்கமாட்டேன்.

என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்த பிறகு என்ன செய்வது என்று உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கும் தெரியவில்லை. ஹில்மா மறுபடி கடைக்கு வந்து, "கண்ணு தெரியாத பொண்ண இப்படியா விடுவ?" என்று கேட்டால், "நான் விடல, அவ போயிட்டா" என்று சொல். ஆணி வாங்க வந்தவர்கள் முன்னால்.

சரி, விமான நிலையத்துக்கு வா. ஆனால் நான் சொல்வதுபோல் செய்ய வேண்டும். விமானப் பணியாளரிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லிவைக்காதே. சக்கர நாற்காலியோடு யாரும் நிற்கக் கூடாது. நான் வெளியே வருவதைப் பார்த்ததும் ஓடி வராதே, என் முழங்கையைப் பிடிக்காதே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே இடத்தில் நின்று, சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டிரு. குளிரைத் திட்டு, சாலையைத் திட்டு, பக்கத்தில் நிற்பவனோடு சண்டை போடு. என்னைத் திட்டினாலும் சரி.

நான் நேராக உன்னிடம் வந்துவிடமாட்டேன். கூட்டத்தில் மோதுவேன், தூணில் முட்டுவேன், தப்பான ஆளிடம் போய் நிற்பேன். உனக்குக் கை பரபரக்கும். அப்போதும் அசையாதே. நேரம் ஆகும், ஆகட்டும்.

வந்து சேருவேன்.

ஐலி